தெம்மாடிக்குழி

மிதுன மாசம் பிறந்த நாள் தொட்டு கல்லாம்பாறை மலையில் மழை விட்டபாடில்லை. பெண்கள் விடுதி மெஸ்ஸின் பின்சுவர் முழுக்கப் பாசி. அரிசி மூட்டைக்கு அடியில் பலகை போட்டும் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. உப்பு ஜாடியில் கையை விட்டால் தண்ணீர்தான் வந்தது. பிரிஜீத்தா கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பயறு தாளித்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வருஷமாக அந்த அடுப்பு அவள் கையில்தான் இருக்கிறது. வார்டன்கள் வருவார்கள், போவார்கள். உப்பும் உறைப்பும் அவள் வைத்ததுதான் சட்டம்.

மணி ஆறரை. ஜெபம் முடிந்து சாப்பாட்டு ஹாலில் வார்டன் ஹெர்மினா சிஸ்டர் பேர் கூப்பிட ஆரம்பித்தார். நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொன்றும் "உண்டு சிஸ்டர்" என்று சொல்லும். சாப்பாட்டை எடுத்துக் கொடுக்கும் ஜன்னல் வழியே பிரிஜீத்தாவுக்கு எல்லாம் காதில் விழும். கடைசிப் பேர் ஸ்வீட்டி தோமஸ். அவள் உண்டு என்றாள். சிஸ்டர் நோட்டை மூடினார்.

"உண்டு சிஸ்டர்" என்றது இன்னொரு குரல், கைகழுவும் தொட்டிப் பக்கமிருந்து.

இது ஐந்தாவது நாள். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிஸ்டர் திட்டினார். மூன்றாம் நாள் தலை எண்ணினார், இருநூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது. நேற்று எல்லாரையும் தொட்டிப் பக்கத்திலிருந்து விலக்கி முன்னால் நிறுத்திவைத்துக் கூப்பிட்டார். அப்போதும் குரல் பின்னாலிருந்துதான் வந்தது. அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதல் வருஷப் பிள்ளைகள் மூன்று பேர் காய்ச்சல் என்று வீட்டுக்கு போன் போட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"சேச்சி, அந்தக் குரல்ல ஒரு கரகரப்பு இருக்கு, கவனிச்சீங்களா?" என்றாள் கூட வேலை செய்யும் ஓமனா, பப்படம் பொரித்துக்கொண்டே. "சளி பிடிச்ச பிள்ளை மாதிரி."

"மழைக்காலம். எல்லாத்துக்கும் சளிதான்."

"எதுக்குச் சளி, எதுக்கு வயித்துவலின்னு எனக்குத் தெரியும். சுக்குக் காப்பி போட்டுக் குடுக்கிறவ நான்தானே. இது நம்ம பிள்ளைங்க யாரும் இல்ல."

"நீ பப்படத்தக் கருக்காம இரு. பேயப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

"பேய்ன்னு நான் சொல்லலையே. நீங்கதான் சொன்னீங்க."

பிரிஜீத்தா வாணலியை இறக்கினாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்பதுதான் பயத்தைவிட அதிகமாக அவளைக் குடைந்தது.

அந்த விடுதி இருக்கும் வளாகத்துக்கு இப்போது வாசலில் வளைவு கட்டி, பொன்னெழுத்தில் யூனிவர்சிட்டி என்று எழுதி, டெல்லியிலிருந்து மந்திரி வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனாலும், கல்லாம்பாறைக்காரர்களுக்கு அது இன்றைக்கும் காலேஜ்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் பாதிரியார் இட்டியவிரா அச்சன் ஓலைக்கொட்டகையில் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது. கையில் காசில்லாத மனுஷன். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் போட்டு வைக்கச் சொன்னார். சனிக்கிழமை தோறும் பிடியரிசி வாங்க ஆள் வரும். அந்த அரிசியை விற்றுத்தான் சுவர் எழும்பியது. அரை வயிற்றுக்குக் கஞ்சி குடித்த வீடுகூட அந்தப் பிடியைக் குறைக்கவில்லை. ஆகவே அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுச் சோறும் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அதில் பெருமையும் உண்டு.

மெஸ் நிற்கும் மேடு மட்டும் முன்பு சர்ச்சின் பழைய கல்லறைத் தோட்டம். புதுக் கல்லறைத் தோட்டம் கீழே வந்தபோது மேட்டைக் காலேஜுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து தங்கள் ஆட்களின் பேரை எழுதிக்கொடுங்கள், எலும்பை மரியாதையாக எடுத்து மாற்றலாம் என்று அறிவிப்பு வந்தது. எழுதினார்கள், மாற்றினார்கள். மதிலுக்கு வெளியே வடகிழக்கு மூலைக்கு மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை. அது தெம்மாடிக்குழி, கெட்டுப்போனவர்களின் குழி. தூக்கில் தொங்கினவர்கள், தண்ணீரில் விழுந்தவர்கள், சர்ச்சோடு சண்டை போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் செத்தவர்கள் எல்லாரும் அங்கே போவார்கள். மணி அடிக்க மாட்டார்கள். சிலுவை நடக் கூடாது. அச்சன் வர மாட்டார். அதற்குப் பேர் எழுதிக்கொடுப்பது என்றால் வீட்டு மானத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொடுப்பது. வேறு யாராவது முதலில் எழுதட்டும், பின்னால் நாம் எழுதலாம் என்று ஒவ்வொரு வீடும் காத்திருந்தது. முதலில் எழுத ஒரு வீடும் இல்லை. மூலை அப்படியே கிடந்து காடாகி, பிறகு காலேஜ் மதிலுக்கு உள்ளே வந்து, மறந்தும் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரிஜீத்தாவின் வீட்டில் வேகவைத்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். அவள் சாச்சன் என்று கூப்பிடும் அப்பா வர்க்கிக்கு எண்பத்துநாலு வயது. பல் இல்லை, ஆனாலும் கப்பையை விட மாட்டார். மகள் ஜிஸ்மி சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யூனிவர்சிட்டி நூலகத்தில் அவளுக்கு வேலை. பிரிஜீத்தாவின் புருஷன் ஸ்கறியா குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். வருகிற ஞாயிறு ஜிஸ்மியின் கல்யாணத்தைச் சர்ச்சில் முதல் தடவையாக அறிவிக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீடு லேசுப்பட்ட வீடில்லை. நாலு அச்சன்மாரையும் இரண்டு கன்யாஸ்திரீகளையும் கொடுத்த குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா கிளாரம்மா அதை இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவாள்.

"திங்கக்கிழமை மண் தோண்டுற மெஷின் வருது சாச்சா" என்றாள் பிரிஜீத்தா. "சாப்பாட்டு ஹாலப் பெருசாக்குறாங்க. தொட்டிக்குப் பின்னாடி நிக்குற ஜாதிக்காய் மரம் போகுது. இந்த வருஷம் ஊறுகாய் கிடையாது."

வர்க்கி வாய்க்குக் கொண்டுபோன கப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அத வெட்டக் கூடாது."

"சாச்சன் நட்ட மரமா, வெட்டக் கூடாதுன்னு சொல்ல?"

"நான் நட்டதுதான்."

ஜிஸ்மி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சிலுவை வைக்க விடல" என்றார் வர்க்கி. யாரையும் பார்க்கவில்லை. "மரம் வைக்கிறத யாரு கேக்கப் போறா? அடையாளத்துக்குன்னு வெச்சேன். உன் சேச்சி அதுக்கடியிலதான் கிடக்கா."

அக்கா திரேசியா செத்தபோது பிரிஜீத்தாவுக்குப் பதினொரு வயது. அந்த வாரமே அவளை மானந்தவாடியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு வருஷமானது. டைபாய்டு, அம்மாவின் ஊர் சர்ச்சில் அடக்கம் செய்தாயிற்று என்றார்கள். அதற்கு மேல் கேட்டால் அம்மா அழுவாள். ஆகவே யாரும் கேட்கவில்லை.

"டைபாய்டுன்னு சொன்னீங்க."

"கல் வெட்டின பாறைமடைத் தண்ணியில விழுந்தா. காலேஜ்ல ஒரு கடுதாசியப் பிடிச்சிட்டாங்க. ஏதோ பையன் எழுதினது. பிரின்ஸிபல் ரூம்ல அரை நாள் நிக்க வெச்சு, அப்பனக் கூட்டிட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. பிள்ள வீட்டுக்கு வரல. என்கிட்ட சொல்லப் பயம்." வர்க்கி மூச்சு வாங்கினார். "நானே மண்வெட்டி எடுத்துட்டுப் போய்த் தோண்டினேன். அப்பவும் இதே மாதிரி மழை. குழியில தண்ணி ஊறுது, நான் இறைச்சு இறைச்சு ஊத்துறேன். நனஞ்ச இடத்துல எப்படிப் பிள்ளயப் படுக்க வைப்பேன் சொல்லு."

பிரிஜீத்தாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் அந்த மரத்துக் காயைப் பொறுக்கி, தோலை அரிந்து, உப்பில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு நாலு பரணி நிறைய ஊறுகாய் போட்டது அவள். இருநூறு பிள்ளைகளுக்குப் பரிமாறினது அவள். இந்த மெஸ்ஸில் கஞ்சி எப்படி இருந்தாலும் ஜாதிக்காய் ஊறுகாய்க்கு ஈடில்லை என்று பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பழைய மாணவிகள் சொல்ல, பூரித்துப் போனதும் அவள்தான். வீட்டுக்கும் ஒரு குப்பி கொண்டுவருவாள். சாச்சன் தொட மாட்டார். பல்லில்லை என்பார். கப்பைக்கு மட்டும் எங்கிருந்து பல் வந்தது என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"ஊறுகாய் போடும்போதாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"என்னன்னு சொல்ல மோளே?"

அவள் எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள். ஜிஸ்மி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். அதுக்குள்ள இது வெளிய போக வேண்டாம்."

"திங்கக்கிழமை மெஷின் வருதே."

"அதத்தான் சொல்றேன்."

பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு இருபத்துநாலு வயது, அந்தப் பையனை அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் பிரிஜீத்தா அடுப்பை ஓமனாவிடம் விட்டுவிட்டு ஜன்னலில் வந்து நின்றாள். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. மரம் தெரியவில்லை, அதிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. சிஸ்டர் வேகவேகமாகப் பேர் கூப்பிட்டார். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்வீட்டி தோமஸ் உண்டு சொன்னதும் சிஸ்டர் நோட்டை மூடவில்லை, காத்திருந்தார்.

குரல் வருவதற்கு முன்னால் பிரிஜீத்தா வாய் திறந்தாள்.

"திரேசியா வர்க்கி" என்று கூப்பிட்டாள். வீட்டில் முப்பத்தஞ்சு வருஷமாக யாரும் சொல்லாத பேர்.

தொட்டிப் பக்கம் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு, ரொம்ப நேரம் நின்று கால் கடுத்தவள் சொல்வதுபோல, "உண்டு சிஸ்டர்" என்றது. பரீட்சைக்கு உரக்கப் படித்துப் படித்துத் தொண்டை கட்டிப்போன அதே கரகரப்பு. பின்வரிசைப் பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவையும் அழுதன. ஹெர்மினா சிஸ்டர் ஜன்னலுக்கு வந்தார், முகத்தில் ரத்தமில்லை.

"யாரு அது பிரிஜீத்தா?"

"என் சேச்சி. இங்க படிச்சவதான்" என்றாள்.

சனிக்கிழமை காலை முதல் ஆளாக நிர்வாக அச்சனின் அறைக்குப் போனாள். குரியாக்கோஸ் அச்சன் ரோமில் டாக்டர் பட்டம் வாங்கினவர், வயது நாற்பதுகூட இருக்காது. சர்ச்சும் அவர் பொறுப்புதான். முழுக்கக் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அந்த மூலையப் பத்தி எங்க ரெக்கார்டுல ஒண்ணுமே இல்ல சேச்சி."

"இல்லாம இருக்கத்தானே அச்சா அங்க கொண்டுபோய்ப் போட்டாங்க."

அச்சன் புத்தகத்தை மூடிவிட்டார்.

"எடுத்துக் குடும்பக் கல்லறையில வைக்கலாம். இப்ப சட்டமெல்லாம் மாறிப்போச்சு. ஆனா அடக்கப் புத்தகத்துல வீட்டுப் பேரோட எழுதணும். அதுக்கு முன்னாடி சர்ச்சுல வாசிக்கணும், வேற வீட்டுக்காரங்க இருந்தா வரணும்ல. திங்கக்கிழமை மெஷினை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல, மேல கமிட்டி இருக்கு. தோண்டுறதுன்னா அன்னைக்குக் காலையிலேயே தோண்டிடணும். அப்படின்னா நாளைக்கே வாசிக்கணும்."

"நாளைக்கு என் மோளோட கல்யாண அறிவிப்பு இருக்கு அச்சா."

"தெரியும். ரெண்டையும் நான்தான் வாசிக்கணும். ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல. கல்யாணத்தத் தள்ளி வெச்சா மாப்பிள்ள வீட்டுல கேள்வி வரும். குழியத் தள்ளி வெச்சா மேல காங்கிரீட் விழும்."

மணியங்காட்டு வீடு, திரேசியா, பத்தொன்பது வயது என்று பிரிஜீத்தா காகிதத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனாள், மத்தியானத்துக்கு மீன் குழம்பு வைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அச்சன் இரண்டையும் வாசித்தார். முதலாவதை வாசிக்கும்போது சர்ச்சில் லேசான சிரிப்பும் திரும்பிப் பார்ப்பதும் இருந்தது. இரண்டாவதை வாசித்து முடித்தபோது கைக்குழந்தைகூட அழவில்லை.

வாசலில் கிளாரம்மா பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை.

"முப்பத்தஞ்சு வருஷமா சும்மா கிடந்தத இப்ப எதுக்குக் கிண்டுறே? சம்பந்தம் பேசுற நேரத்துல பீத்தொட்டியத் திறக்குற ஆள இப்பத்தான் பார்க்குறேன்."

"என் கூடப்பிறந்தவ சேடத்தி."

"இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொண்ணு இருக்கும். நாங்க எல்லாம் சகிச்சுக்கிட்டு இருக்கலையா? நாளைக்கு அந்தக் குழியத் தோண்டினா எங்க வீட்டுப் படி ஏற வேண்டாம். நீயும் வர வேண்டாம், உன் பொண்ணும் வர வேண்டாம்."

வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது ஜிஸ்மி சொன்னாள். "செத்தவங்க மேல இருக்கிற பரிவு உங்களுக்கு என்மேல இல்ல அம்மா."

"உன்னவிட அஞ்சு வயசு கம்மிடி அவளுக்கு. அப்பன்கிட்டச் சொல்லப் பயந்து தண்ணியில விழுந்தா. நீ பயப்படாம என்கிட்ட இப்படிப் பேசுறேல்ல, அதுவே எனக்குப் போதும்."

ஜிஸ்மி கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாகத்தான் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மழை தூறலாகக் குறைந்தது. மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு ஆட்கள் மரத்தை அறுத்துச் சாய்த்து மண்வெட்டியால் தோண்டத் தொடங்கினார்கள். அச்சன் தோளில் ஊதாப் பட்டையோடு நின்றார். சர்ச்சுக் கோயிற்பிள்ளை அடக்கப் புத்தகத்தை மழைபடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தான். வர்க்கியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து குழி விளிம்பில் உட்காரவைத்தார்கள். ஜிஸ்மி அவருக்குக் குடை பிடித்தாள். வருவாள் என்று பிரிஜீத்தா எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் நின்றாள், ஆனாலும் வந்திருந்தாள்.

மதிலோரம் கறுப்புக் குடைகள். ஒன்று இரண்டாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஏன் வந்தோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சும்மா பார்க்க வந்தோம் என்று ஒரு கிழவர் கேட்காமலே சொன்னார். கிளாரம்மாவும் கடைசியில் நின்றாள்.

இடுப்பாழம் போனதும் எலும்பு வந்தது. வேர் விலாவுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. வேரைக் கத்தியால் நறுக்கி நறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மண்டையோடு கிடைத்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கேட்டதற்கு மேல் மண் கொடுத்துக்கொண்டே இருந்தது. தென்னோலைப் பாயில் ஐந்து தலை வரிசையாக வந்தபோது தோண்டுகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இதுல உங்க சேச்சி எது?" என்று அச்சன் கேட்டார்.

பிரிஜீத்தா சாச்சனைப் பார்த்தாள். வர்க்கி ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"தெரியல அச்சா. அன்னைக்குத் தோண்டினப்பவே ஒரு தலை தட்டுப்பட்டது. ஓரமாத் தள்ளிட்டுத்தான் எம்மோளப் படுக்க வெச்சேன். யாரோ பெத்த பிள்ள. அதுக்கு ஒரு கும்பிடுகூட நான் போடல."

"அஞ்சையும் எடுங்க" என்றாள் பிரிஜீத்தா. "எங்க கல்லறையில வைக்கலாம்."

"புத்தகத்துல ஒவ்வொண்ணுக்கும் வீட்டுப் பேரு எழுதணுமே சேச்சி."

"எங்க வீட்டுப் பேரையே எழுதுங்க. அஞ்சுக்கும்."

கோயிற்பிள்ளை புத்தகத்தைப் பிரித்தான். அச்சன் குனிந்து எழுதினார். திரேசியா, மணியங்காட்டு. அடுத்த வரியில் பேரை விட்டுவிட்டு மணியங்காட்டு என்று எழுதப் போனார்.

"அத எழுதாதீங்க அச்சா."

கிளாரம்மா சேற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவையின் கரை முழுக்கச் செம்மண். பாயின் முன்னால் வந்து நின்று குடையை மடக்கிவிட்டாள், தூறல் தலையில் விழுந்தது.

"என் தம்பி குஞ்ஞவரா. ரப்பர் ஷெட்டுல தூக்கு மாட்டிக்கிட்டான். எது அவன்னு எனக்கும் தெரியாது. நான் பிறந்த வீட்டுப் பேரை எழுதுங்க." அவள் பிரிஜீத்தாவைப் பார்க்கவில்லை. "பம்பாயில வேலையில இருக்கான்னு எங்க அம்மச்சி சாகுற வரைக்கும் ஊர்ல சொல்லிட்டிருந்தா. நானும் சொன்னேன்."

பிரிஜீத்தா அவள் கையைப் பிடித்தாள்.

மதிலோரம் இன்னொரு குடை நகர்ந்தது. சும்மா பார்க்க வந்த கிழவர். அவருக்குப் பின்னால் ஒரு டீச்சர், இதே காலேஜில் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவர். பிறகு ஒரு கணவனும் மனைவியும். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. வந்து நின்று, வீட்டுப் பேரைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். அச்சன் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார். பாயில் ஐந்து தலை. புத்தகத்தில் பதினோரு வீடு.

"இன்னும் தோண்டணும்" என்றார் வர்க்கி.

தோண்டுகிறவன் குழிக்குள் நின்றபடி சுற்றிலும் மண்வெட்டியால் தட்டிப் பார்த்தான். மூன்று பக்கமும் பாறை டங் டங்கென்றது. நாலாவது பக்கம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கே ஒரு கை எலும்பின் முனை வெளியே தெரிந்தது, மிச்சம் உள்ளே போயிருந்தது.

"குழி இப்படித்தான் போகுது அச்சா, கட்டடத்துக்கு அடியில" என்றான். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

உள்ளே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

"என் அடுப்பு" என்றாள் பிரிஜீத்தா.